ஹெல்மரிடம் வந்த அம்மா

கிறிஸ்துமஸ் மாதம் பிறந்துவிட்டால் மரம் அறுக்கும் ஆலையில் ஹெல்மரைச் சும்மா விடமாட்டார்கள். காப்பி நேரத்தில், நனைந்த கையுறைகளை அடுப்புமேல் காயப் போட்டுவிட்டு, யாராவது ஒருவன் ஆரம்பித்துவிடுவான்.

"ஹெல்மரண்ணே, உங்கம்மா வந்த கதையைச் சொல்லுங்க."

"போன வருஷம்தானேடா கேட்டே?"

"போன வருஷம் அம்மா கை சில்லுன்னு இருந்துச்சுன்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் வெதுவெதுன்னு இருந்துச்சுன்னீங்க. எதுதான் சரின்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். ஹெல்மரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கதையைச் சொல்லி முடிப்பார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. ஏனென்றால் அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூட உண்மை கிடையாது. ஆண்டவருக்குத் தெரியும், ஹெல்மருக்குத் தெரியும். வெகுகாலம் கழித்து அவர் மனைவி சிக்னேயிடம் சொன்னார். அவ்வளவுதான். தெரிய வேண்டிய ஒரே ஆள் அவருடைய அக்கா வால்போரி. அவளுக்குத்தான் தெரியாது.

ஸ்வீடன் தேசத்தில், தால்ஸ்லாந்துக் காட்டுக்குள்ளே இருந்தது அவர்கள் வீடு. குளத்தங்கரை வீடு என்பார்கள். ஒரு அடுப்படி, ஒரு சின்ன அறை, பின்னால் மாட்டுக் கொட்டில். 1908-ஆம் வருஷம் ஹெல்மருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அந்த வருஷப் பனி ஜன்னலின் பாதிவரை ஏறி நின்றது. காலையில் தண்ணீர் மொள்ளப் போனால் வாளியின் மேல் படிந்த பனிக்கட்டியை அகப்பையால் தட்டி உடைக்க வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இருட்டுவதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்கும். கோடாலியும் ரம்பமும் வீட்டுக்குள் வந்துவிடும். வாசலில் ஊசியிலைக் கொத்துகளைப் பரப்பி, குருவிகளுக்கு ஒரு கதிர்க்கட்டைக் கம்பத்தில் கட்டி, மாட்டுக்கு இரண்டு பங்கு தீனி வைத்து, எல்லோரும் ஒரே மரத்தொட்டியில் ஒருவர்பின் ஒருவராகக் குளித்து முடிப்பார்கள். பிறகு அப்பா தியோடர் வைக்கோல் கட்டைத் தோளில் சுமந்து வந்து அடுப்படித் தரையில் பிரித்து உதறுவார். அந்த வாசனை! போன கோடைக்காலம் முழுவதும் அந்தக் கட்டுக்குள் சுருண்டு படுத்திருந்து அன்றைக்கு எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

அந்த ஒரு ராத்திரி, வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது. கட்டில்களுக்கு வெளுத்த விரிப்பு போட்டு, மேசையில் பால்கஞ்சியையும் பன்றித் தொடையையும் பீரையும் எடுக்காமல் விட்டு, மெழுகுவர்த்தியை அணைக்காமல், எல்லோரும் தரையில் வைக்கோலில் படுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டிலிருந்து இறந்துபோனவர்கள் அன்றைக்கு வீடு திரும்புவார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் வேண்டாமா?

மற்ற வருஷங்களில் பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். வைக்கோலைச் சட்டைக்குள் திணிப்பதும், கிள்ளுவதும், சிரிப்பை அடக்க முடியாமல் அப்பாவிடம் திட்டு வாங்குவதுமாகப் பாதி ராத்திரி போய்விடும். அந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஹெட்டா காசநோயால் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா பியாட்டா அத்தை வந்திருந்தாள். அம்மாவின் கட்டிலை விரிக்கப் போன அத்தையை வால்போரி விடவில்லை.

"நகருங்கத்தை. நான் விரிக்கிறேன்."

"உனக்கு எட்டாதுடி."

"எட்டும்."

எட்டி எட்டி விரித்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் நான்கு தடவை இழுத்துவிட்டாள். பிறகு ஒரு கைப்பிடி ஊசியிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அது எதுக்குக்கா?"

"குத்துச்சுன்னா தூக்கம் வராதில்ல?"

"ஏன், தூங்கினா என்ன?"

"உனக்கு எதுக்குடா? நீ தூங்கு."

அவன் தூங்கினான். விடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒன்றுக்கு முட்டியது. எழுந்து கதவோர மூத்திர வாளியில் இருந்துவிட்டு வந்தால், அவன் படுத்திருந்த இடத்தில் பியாட்டா அத்தையின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. நகர்த்திப் பார்த்தான். மரக்கட்டை நகருமா? அக்கா கையில் இலையைப் பிடித்தபடியே நன்றாகத் தூங்கிவிட்டிருந்தாள். தரை குளிர்ந்தது. நாலடி தூரத்தில் அம்மாவின் கட்டில் வெள்ளையாகக் கிடந்தது. ஏறிப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டான். நடந்தது அவ்வளவுதான்.

அத்தையின் அலறல்தான் எழுப்பியது.

"ஐயோ! செத்தவங்க படுக்கையில போய்ப் படுத்திருக்கானே! யாருடா உன்னை ஏறச் சொன்னது?"

அவள் கையில் பிள்ளைகளை அடிக்கிற அடுப்போரத்து மிலாறுக் குச்சி இருந்தது. அது காலில் விழுந்தால் எப்படி எரியும் என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மாதான் தூக்கிட்டுப் போச்சு," என்றான்.

மிலாறு கீழே விழுந்தது. அப்பா வைக்கோல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன், முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அத்தை அவனைக் கட்டிப்பிடித்து, "எங்கடா தொட்டா? இங்கேயா? இங்கேயா?" என்று நெற்றியையும் கன்னத்தையும் தடவினாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பயத்தில் ஆட்டிய தலை. ஆனால் அதைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. விடியற்காலை ஆராதனை முடிவதற்குள் கோயில் முழுவதும் செய்தி பரவிவிட்டது. கிழவர்கள் அவன் தலைமேல் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும்போது சறுக்கு வண்டியில், ஆட்டுத்தோல் போர்வைக்குள், வால்போரி அவன் காதருகே வந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சாடா?"

அதிகம் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அந்த வயதிலேயே அவனுக்குப் புரிந்திருந்தது.

"இல்ல."

"என்னை எழுப்பச் சொல்லலையா?"

"இல்ல."

அவள் போர்வையை முகத்துக்குமேல் இழுத்துக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

காலம் போயிற்று. ஊரில் எல்லோரும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். தரையில் படுத்தால் எலி ஓடும், நெருப்புப் பிடிக்கும் என்றார்கள். பியாட்டா அத்தை போனாள், அப்பாவும் போனார். ஹெல்மர் ஆலை வேலைக்குப் போய், சிக்னேயைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் குடியிருந்தார். வால்போரி மட்டும் குளத்தங்கரை வீட்டிலேயே இருந்தாள். பாதிரியார் வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் கட்டிலை விரித்துவிட்டு, தனியாகத் தரையில் வைக்கோலில் படுத்தாள்.

அவளுக்கு வரன் வராமலா இருந்தது? 1922-இல் ரயில்பாதை வேலை பார்க்கும் யிங்வே என்ற நல்ல மனுஷன் வந்து கேட்டான். ஆமோல் ஸ்டேஷன் பக்கத்தில் அவனுக்கு வீடு கொடுத்திருந்தார்கள்.

"கிறிஸ்துமஸுக்கு மட்டும் நான் இங்க வந்துடுவேன். அதுக்குச் சம்மதம்னா வர்றேன்," என்றாள் வால்போரி.

"பண்டிகை நாள்ல பொண்டாட்டி இல்லாம நான் மட்டும் வீட்ல இருக்கணுமா? அப்படி இங்க என்னதான் இருக்கு?"

அவள் துவைக்கும் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஹெல்மர்தான் அவனைப் பெரிய சாலைவரை வண்டியில் கொண்டுவிட்டார்.

"உங்கக்கா மனசுல வேற யாராவது இருக்காங்களா தம்பி? ஒளிக்காம சொல்லு," என்று கேட்டான் யிங்வே.

இருபது வயதுப் பிள்ளைக்கு அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். குதிரையின் மூக்கிலிருந்து புகை போவதைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதுண்ணே," என்றார். யிங்வே சாலையில் இறங்கிக் கைகுலுக்கிவிட்டுப் போனான்.

பல வருஷம் கழித்து இதையெல்லாம் சிக்னேயிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு யோசித்தாள்.

"இப்பப் போய்ச் சொன்னா அவங்க செத்தே போயிடுவாங்க. பேசாம இருங்க," என்றாள். பேசாமல் இருப்பதற்கு அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

1960-ஆம் வருஷம் வந்தது. வால்போரிக்கு அறுபத்துமூன்று வயது. முட்டி மடங்கவில்லை. வசந்தகாலத்தில் கோயில் பக்கத்து முதியோர் இல்லத்தில் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், சிக்னே கொடுத்தனுப்பிய பலகாரத்தோடு ஹெல்மர் போனபோது, அடுப்படித் தரையில் வைக்கோல் விரித்தாயிற்று. மணி மூன்றுதான், வெளியே நீலமாக இருட்டிக்கொண்டு வந்தது.

"வைக்கோல் எங்கக்கா கெடச்சுது? இப்பல்லாம் மெஷின்ல அமுக்கிக் கட்டிடுறானுங்களே."

"கெஞ்சி வாங்கினேன்."

"டாக்டர்கிட்டப் போய் முட்டி முட்டின்னு அழ வேண்டியது, அப்புறம் தரையில உருள வேண்டியது. உன்னை நாளைக்கு எழுப்ப ஆலையிலருந்து கிரேன்தான் கொண்டாரணும்."

"வாய் மட்டும் குறையல உனக்கு." அவள் தலையணையைத் தட்டி வைத்தாள். "ஹெல்மர், இன்னைக்கு நீ வீட்டுக்குப் போகாத. இங்க தங்கு. அம்மா கட்டில்ல படுத்துக்கோ."

ஹெல்மருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த வீட்ல இதுதான் கடைசிக் கிறிஸ்துமஸ். என்கிட்ட அம்மா வராதுடா. ஐம்பத்திரண்டு வருஷம் பாத்துட்டேன். உன்கிட்டதான் வரும். நீ ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

"என்னக்கா கேக்கணும்?"

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்துக்கொண்டே சொன்னாள். "அது சாகுற அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுச்சு. வால்போரி, வாசல்வரைக்கும் வந்து நில்லு, முகத்தைப் பாத்துக்கறேன்னு. ரெண்டு தடவை. எனக்குப் பயம். அந்த இருமலும், ரத்தக் கிண்ணமும். கொட்டிலுக்கு ஓடி ஆட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். வந்து பாக்குறேன், முகத்தை மூடிட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்து உன்னைத் தூக்கிச்சு. நான் உன் பக்கத்துலதான் கிடந்தேன். என்னை ஒரு வார்த்தை கேக்கல. அப்போ எவ்வளவு கோவம் இருக்கும்! அந்தக் கோவம் தீந்துச்சான்னு மட்டும் கேளுடா. நல்லதோ கெட்டதோ, காலையில மறைக்காம சொல்லு."

'கோவமே இல்லைன்னு சொல்லுச்சுக்கா.' நாளைக் காலையில் இதைச் சொன்னால் போதும். வசந்தகாலத்தில் அவள் நிம்மதியாகப் புது அறைக்குப் போய்விடுவாள். ஐம்பத்திரண்டு வருஷம் கதை சொன்ன வாய், இதையும் நன்றாகவே சொல்லும். யாருக்கு என்ன நஷ்டம்? ஹெல்மர் அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்தார். படுக்கத்தான் நினைத்தார். ஆண்டவர்தான் அவர் நாக்கைப் பிடித்துத் திருப்பினார் என்று சொல்ல வேண்டும்.

"அக்கா, அம்மா வரல."

"இன்னைக்குத்தானேடா வரும்."

"அன்னைக்கு வரல. நானா ஏறிப் படுத்தேன். தரை குளுந்துச்சு. அத்தை மிலாறை எடுத்ததும் பயந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அம்மா வரவே இல்லக்கா."

அடுப்பில் ஒரு விறகு சரிந்து விழுந்தது. வால்போரி விரிப்பின் ஓரத்தை விட்டாள்.

"உன்கிட்டயும் வரலையா?"

"என்கிட்டயும் வரல."

"அப்போ... என்னைத் தாண்டிப் போகல."

"இல்லக்கா. யாரையும் தாண்டிப் போகல."

அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். தன் பொய்யால்தான் அவள் காத்துக் கிடக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார் ஹெல்மர். சறுக்கு வண்டியில் அவர் சொன்ன 'இல்ல' என்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சுமந்துகொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"யிங்வே," என்றாள்.

"அன்னைக்கு வண்டியில அவர் கேட்டாருக்கா. நான்தான்..."

"வாயை மூடு. போய் விறகு கொண்டா."

விறகுப்பெட்டி நிறைந்துதான் இருந்தது. அவர் போனார். கொட்டிலடியில் கை நிறைய அடுக்கிக்கொண்டு திரும்பும்போது ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது. வால்போரி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். கட்டிலின் நடுவில் உட்காரவில்லை. நோயாளிக்கு இடம் விட்டு உட்காருகிறவள்போல ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். தலையணைப் பக்கம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசிவிட்டு நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, "ஆமாம், ஆமாம்" என்பதுபோலத் தலையாட்டிவிட்டு மறுபடி பேசினாள். பதினொரு வயதில் இருந்த முகம் அப்படியே இருந்தது.

ஹெல்மர் கதவுவரை வந்தார். தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. பனி விழ ஆரம்பித்து, தொப்பியிலும் விறகிலும் படிந்தது. விரல்கள் மரத்துப்போயின. உள்ளே பேச்சு நிற்கவில்லை.

வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.