7பி வீட்டுக்காரரின் சதுப்பு நிலம்

காலை 8.00, வெள்ளவத்தை. எங்கள் மாடிக்குடியிருப்பைக் கட்டிய கம்பனி, தான் காப்பாற்றும் சதுப்பு நிலத்தைப் பார்க்க எங்களை அழைத்திருந்தது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் பாதிச் சதுப்பை நிரப்பிக் களஞ்சியம் எழுப்பியவர்கள், மீதியைப் பாதுகாக்கப் பணம் தருகிறார்களாம். ஒரு கையை வெட்டிவிட்டு மறு கைக்கு மோதிரம்!

பதினொரு கிலோமீற்றர், திரீவீலுக்கு 1,200 ரூபாய். ஓட்டுநர் நசீர், மாளிகாவத்தைக்காரர்.

“சதுப்பு பார்க்கவா சேர் போறீங்க? மழைக்கு எங்கட வீட்டுக்கு வாங்க, சும்மாவே காட்டுறன்.”

காலை 8.50. புதுக் கம்பி வேலி. உள்ளே, லொறி டியூபில் தட்டத்தைக் கட்டி மிதக்கவிட்டு, இடுப்பளவு நீரில் ஒரு பெண் கங்குன் கீரை வெட்டிக்கொண்டிருந்தார். பிலோமினா. கொட்டாஞ்சேனைச் சந்தையில் கட்டு எண்பது ரூபாய்க்கு விற்பவர். இருபது வருடமாக இந்த நீரே அவர் தோட்டம்.

கம்பனி அதிகாரி கரையிலிருந்து கத்தினார். “அக்கா, ஏறுங்கோ! மரம் நடப்போறம்.”

“ஒரு மணித்தியாலம் தாங்க தம்பி. இந்தப் பாத்திய வெட்டிட்டு ஏறிடுறன்.”

“ஏலாது. சுபநேரம் 9.42.”

“அங்கால மண் கொட்டினது எந்தச் சுபநேரத்தில தம்பி?”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

9.42. பிலோமினா கரையில் நிற்க, குத்துவிளக்கு எரிந்தது. இறப்பர் சப்பாத்துகளோடு இறங்கினோம். சேற்றில் கால் தரிக்கும் இடம் ஒன்றுதான்: பிலோமினாவின் பாத்தி. அவருடைய கீரை வேரோடி வேரோடி இறுக்கிய நிலம். அதன்மேல் நாற்பது பேர் நின்றோம், நானுந்தான். தண்டுகள் நெரிந்து பச்சை வாசனை எழும்பியது. மருதங்கன்றுகளைச் செருகினோம். “சிரியுங்கோ” என்றார் படமெடுப்பவர். சிரித்தார்கள்!

பாதுகாப்பாம். யாரிடமிருந்து? சதுப்பைத் தின்றது களஞ்சியம். வேலி மட்டும் கீரைக்காரிக்கு. நாசம் செய்தவனே காவலனாகி, அதற்கும் கைதட்டல் கேட்கிறான். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள வரவேற்பறைச் சுவரில் இந்தப் புண்ணியத்துக்குச் சான்றிதழ் தொங்குகிறது. அதன் கீழேதான் தினமும் லிப்டுக்குக் காத்து நிற்கிறேன்.

11.15. புறப்படும்போது குடியிருப்பாளர் ஒவ்வொருவருக்கும் நுழைவு அட்டை தந்தார்கள். எந்த நாளும் வரலாமாம். அதே வாசலில் காவலாளி பிலோமினாவிடம் சொன்னான்: “நாளைக்குக் கடிதம் இல்லாம உள்ளுக்கு விட ஏலாது. ஹெட் ஒபீஸ்ல எடுக்கணும். இங்கிலிசில.”

காத்துநின்ற நசீரின் திரீவீலில், மிதிபடாமல் தப்பிய அரைச் சாக்குக் கீரையோடு அவரைக் கொட்டாஞ்சேனைக்கு ஏற்றிக்கொண்டோம். வழியில் என் அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரே இல்லையே?”

“ஒருத்தருக்கும் பேரில்லை அக்கா. வீட்டு நம்பர் மட்டுந்தான். 7பி.”

நசீர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அப்ப இனி அக்கா வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரி!”

சந்தை வாசலில் இறங்கிய பிலோமினா, அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

“விடிய அஞ்சரைக்குக் கேற்றில நிப்பன். கேட்டா, ஏழாம் மாடியில கங்குன் முளைக்குதில்ல, அதான் இறங்கி வந்தனான் எண்டு சொல்லுறன்.”