தூக்குவாளியைத் தாங்கிய கொக்கி

"கொம்பையா, உதவியாளர். பணியிடம்: தரைத்தளம். உயரத்தில் ஏற அனுமதி இல்லை."

ஒப்பந்தக்காரர் கொடுத்த அடையாள அட்டை இப்படிச் சொன்னது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் 2004-இல் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் கூரையில், நாற்பதடி உயரத்தில் தகடு போட்டுக்கொண்டிருந்த கொம்பையாவின் கழுத்தில் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாங்குநேரிக்காரன். கூட வேலை செய்த நம்பிராஜன், கொம்பையாவின் தங்கை பூமாரிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணம். அதுவரை மாப்பிள்ளையை முழுசாக வைத்திருப்பது தன் பொறுப்பு என்று கொம்பையா நினைத்தான்.

கூரையில் நிற்பவனின் உயிர் இடுப்பு பெல்ட்டிலிருந்து நீளும் கயிற்றின் நுனியில், ஒரு கொக்கியில் இருக்கிறது. உத்திரத்தோரம் ஓடும் கம்பிவடத்தில் அதை மாட்ட வேண்டும். படப்பைப் பட்டறையில் கம்பியை முட்டை வடிவில் வளைத்துச் செய்த கொக்கிகள்தான் எல்லோரிடமும். கல் மாதிரி கனம். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன அலுமினியக் கொக்கி ஒன்றும் இருந்தது. ஆங்கில டி எழுத்தின் வடிவம், சாவிக்கொத்தின் எடை. அதில் மதியச் சோற்றுத் தூக்குவாளியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எனக்கு அந்த லேசானதக் குடுங்க மச்சான். இது இடுப்ப இழுக்கு."

"இழுக்கட்டும். ஒமக்கு ஒண்ணுன்னா பூமாரி என் கொடல உருவிருவா. கனத்ததப் போடும் மாப்ள."

"கல்யாணத்துக்கு முந்தியே வெலங்கா?"

இருந்ததிலேயே கனமானதைத் தேடி எடுத்துக் கொம்பையாதான் மாட்டிவிட்டான்.

ஆடி மாதம் ஒரு முற்பகலில், வெளிச்சத்துக்காகப் பதித்த ஃபைபர் தகட்டில் நம்பிராஜன் கால் வைத்தான். தகடு உடைந்தது. பெல்ட் அறவில்லை, கயிறும் அறவில்லை. கொக்கி வாயைப் பிளந்து வடத்தை விட்டுவிட்டது. நாலடி தள்ளித் தூக்குவாளி பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி கோதண்டராமன் வந்து, இரண்டு கொக்கிகளையும் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். "முட்டை ஷேப்புல லோடு நடுவுல வுழும். பாதி பாரம் வாய மூடுற இந்தக் கதவு மேல. கதவுல பூட்டு இன்னா கீது? ஒண்ணுமில்ல, சும்மா சாஞ்சிகினு கீது. டி ஷேப்புன்னா லோடு முதுகுப் பக்கம் ஒதுங்கிடும். கதவும் வாயில கவ்விக்கும். தேவையில்லாத எடத்துல உலோகத்தக் கொறச்சி அடிச்சிருக்கான், அதான் லேசு. ஆனா இதான்பா ஸ்ட்ராங்கு."

"இத முந்தியே சொல்லியிருக்கலாம்லா சார்?"

"டிரெய்னிங் குடுத்தமே! மேல ஏற பர்மிஷன் கீறவங்களுக்கு. உன் கார்டுல இல்லியேப்பா."

அனுமதி பெற்றவர்கள் எல்லோரும் ஆபீஸ்காரர்கள். ஏணியைத் தொட்டுப் பார்த்தவர்கள்கூட இல்லை.

விசாரணைக்குக் கொம்பையா சாட்சி சொல்லப் போனான். தரைத்தளத்து ஆள் கூரையில் நடந்ததை எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். நம்பிராஜனிடமும் அதே அட்டைதான். ஆகவே காகிதப்படி அவன் விழவே இல்லை, செத்துமட்டும் போயிருந்தான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது பூமாரி ஒன்றுதான் கேட்டாள். "பெல்ட்டு போட்டிருந்தாவளா, அண்ணே?"

"போட்டிருந்தாவ. இருந்ததுலயே கனத்த கொக்கி. நாந்தான் மாட்டிவிட்டேன்."

பூத்து மீட்டரில் ரூபாய் ஏறிக்கொண்டே இருந்தது. கொம்பையா போனை வைக்கவில்லை.

மறுநாள் காலை அவன் கூரைக்கு ஏறினான். தூக்குவாளியைக் கழற்றிக் கீழே இறக்கினான். அந்தக் கொக்கியைத் தன் கயிற்றில் மாட்டிக்கொண்டு, நம்பிராஜன் விட்ட இடத்திலிருந்து தகடு போட்டான்.