பழுப்பு திரும்பும்வரை

பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றுக்காகக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் வேலையை நான் மானிப்பாய் வீட்டுக் கிணற்றடியில்தான் செய்வேன். அதற்கு இரண்டு மருந்துகள். இரண்டாவது, அழுகிய முட்டைபோல் நாறும். இருட்டறையில் வைத்தால் புதுத் தாள்களையும் பழுதாக்கிவிடும்.

ஒருநாள் பின்னேரம் அந்த நாற்றம் வெளியே ஒழுங்கைவரை போயிருக்கிறது. ரோந்து வந்த ஆமிக்காரர் வாசல் படலையை உதைத்துத் திறந்தார்கள். போத்தல்களைக் கண்டதும் என் மகனைக் கிணற்றுக் கட்டோடு சாய்த்து அடித்தார்கள்.

கூட வந்த தமிழ்ப் பொலிஸ்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அக்கா, கூழ்முட்டையிலையோ குண்டு செய்யிறியள்?"

"படத்துக்கு நிறம் ஏத்திற மருந்து, ஐயா. செய்து காட்டுறன், அவனை விடச் சொல்லுங்கோ."

கல்யாணப் படமொன்றை முதல் மருந்தில் போட்டேன். அதில் உருவம் வெளுத்துப்போகும். மற்றதில் இட்டால்தான் பழுப்பாய்த் திரும்பி வரும். மகனை விடுவிக்கிற அவசரத்தில் அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டுவிட்டேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மங்கி மறைய, நான் தடயத்தை அழிக்கிறேன் என்று ஆமி அதிகாரி கத்தினான். ஒரு ஆமிக்காரனின் துவக்குப் பிடி மகனின் வாயில் இறங்கியது.

மஞ்சள் கறை போக அலச நேரமில்லை. தாளை அப்படியே இரண்டாவது தட்டில் அமுக்கினேன். முகங்கள் திட்டுத்திட்டாக எழும்பி வந்தன. அதிகாரி குனிந்து பார்த்து, மெல்லச் சிங்களத்தில் ஏதோ சொன்னான்.

"பொம்பிளை வடிவாம்," என்றான் பொலிஸ்காரன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். மகன் உடைந்த பல்லைக் கையில் துப்பினான். அவனைக் கட்டிக்கொண்டு நான் ஓவென்று அழுதேன்.

"இருக்கிறன் அம்மா, குழறாதேங்கோ."

அவன் வரப் பிந்தும் நாட்களில் இப்போதும் நான் படலையடியில்தான் நிற்கிறேன்.