ஆறாத புண்

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில், நோயாளிகளின் குடும்ப விவரங்களைக் கேட்டு எழுதுவது என் வேலை. அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாத கூட்டம். மார்பகப் புற்றுநோயோடு வந்திருந்த கல்மண்டபத்து மீன்காரம்மா ஒருவரிடம், தலையை நிமிர்த்தாமலே, “குடும்பத்துல வேற யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“யாருக்கும் இல்ல மேடம்.”

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவருடைய தங்கை அதே நோயோடு வந்தார். முற்றிவிட்டிருந்தது. பேச்சுவாக்கில், “உங்கம்மா எப்படிம்மா இறந்தாங்க?” என்றேன்.

“மார்ல புண்ணு மேடம். பெரியம்மாவும் அப்டித்தான் பூட்சு.”

“உங்க அக்கா சொல்லவே இல்லையே?”

“அத யாரு மேடம் புற்றுநோய்னு சொன்னாங்க? வூட்ல ஆறாத புண்ணுன்னுதான் பேசிக்குவாங்க.”

அக்காவிடம் இப்படிக் கேட்டிருந்தால், தங்கையை அப்போதே பரிசோதனைக்கு அழைத்திருப்போம்.

இப்போதெல்லாம் அம்மா, சித்தி, அத்தை என்று ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறேன். வரிசை நகரவில்லை என்று திட்டு விழுகிறது. வீடு திரும்பும்போது உடம்பு ஓய்ந்துபோகிறது. அந்தத் தங்கை சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நடந்ததை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.