வெறும் வயிற்றில் விரிந்த வலை

போன சனிக்கிழமை காலை. தன்னாமுனைக்குப் பக்கத்தில், வாவியின் நடுவில், ஒரு தோணிக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. வாவிக்கரையில் பிறந்து நீச்சல் தெரியாத ஒரே ஆம்பிளை நான்தான் என்று என் தங்கை பூரணி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

தோணியின் முனையில் அவளுடைய கணவன் தவராசா நின்றுகொண்டிருந்தான். என் மச்சான். தோளில் வீச்சுவலை.

"ஆடாம இருங்க மச்சான். நீங்க நடுங்கிற நடுக்கத்தில தோணியும் நடுங்குது."

நடுக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்வது யார்? ஐந்து வருடத்துக்கு முன்பு, ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைத் தன் இடுப்புச் சாரத்துக்குக் குடிக்கக் கொடுத்தவன்!

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். சுனாமிக்குப் பிறகு இவனைப் பற்றி இதே பத்திரிகைப் பத்தியில் எழுதியிருந்தேன். 'கடல் திரும்பிப் போய்விட்டது... ஆனால் அவன் விரல்களுக்குள் இன்னும் அலையடிக்கிறது' என்று ஒரு வரி. எத்தனை கடிதங்கள் வந்தன! வாசித்துவிட்டு அழுததாக ஒரு அம்மா எழுதியிருந்தார். நானும்தான் அழுதேன் — என் வரியை நானே வாசித்து.

அந்த வரி பிழை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

சுனாமிக்கு இரண்டு வருடம் முந்தியே தவராசாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பிறகு பேச்சு குழறியது. குடி என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் மற்றவர்கள். அவன் கள்ளுப் பக்கமே போகாதவன். அவனுக்குச் செய்வினை வைத்து யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது, ஒரு ஓட்டைத் தோணியா?

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர்தான் அவன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றி, மண்ணிறத்தில், ஒரு மெல்லிய வளையம். இது அபூர்வமான நோய் என்றார். தாய் தகப்பன் இரண்டு பக்கத்து இரத்தத்திலும் ஒளிந்திருந்து பிள்ளையில் வெளிப்படுவது. சாப்பாட்டில் வருகிற செம்பை இந்த உடம்புக்கு வெளியே தள்ளத் தெரியாது. அது ஈரலில் சேரும், மூளையில் சேரும். விட்டால் ஆளைச் சாய்த்துவிடும்.

பூரணி என் காதுக்குள் சொன்னாள்: "வீட்டில ஒரு குண்டுமணித் தங்கம் இல்ல. இவருக்குள்ள செம்பு நிறைஞ்சு கிடக்காம் அண்ணே."

சிரித்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மருந்து இருந்தது. செம்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே கொண்டுபோகிற குளிசை. நண்டு, இறால், ஈரல், கஜு எதுவும் தொடக் கூடாது. அவனுடைய அக்காவையும் கூட்டி வந்து சோதியுங்கள் என்றார் டொக்டர். சோதித்தார்கள், அவவுக்கு இல்லை. கடைசியாக, விரலை நீட்டி இரண்டு விசயம் சொன்னார்: "குளிசை வெறும் வயித்தில. சாப்பாடு ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான். சுகம் எண்டு நினைச்சு நீங்களா நிப்பாட்டவே கூடாது."

ஒரு வருடத்தில் நடுக்கம் பாதியாய்க் குறைந்தது. பிறகு... அலை வந்தது.

அவர்களுடைய வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருந்தது. இருந்தது — அவ்வளவுதான். பூரணி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தவராசா கிளினிக் கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான். நனைந்து ஊதிப்போன அந்தக் கொப்பியைக் காட்டித்தான் நாலாம் நாள் மருந்து வாங்கினோம். அகதி முகாமாகிப்போன ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் குடியிருந்தார்கள்.

குளிசை ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் நடுக்கம் திரும்பி வந்தது. மெல்ல மெல்ல, பிறகு விரைவாக. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. நடை தள்ளாடியது. முகாமில் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "சுனாமிப் பயம்." யார்தான் மறுப்பார்கள்? எல்லோருக்குள்ளும் அந்தப் பயம் இருந்ததே! நான் பேனையை எடுத்தேன். அவன் விரல்களுக்குள் அலையடித்தது.

அடுத்த கிளினிக்குக்கு அவனைத் தாங்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு மிஸ்ஸி, தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கொப்பியைப் புரட்டியபடி சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"தங்கச்சி, குளிசை எப்ப குடுக்கிற?"

"விடியக்காலம மிஸ்ஸி. தவறினதே இல்ல."

"சாப்பாடு?"

"அதுக்கு முதலே வயிறு நிறையக் குடுத்திருவன். பாலும் குடுப்பன். ஒருநாள் முகாமில வெறும் வயித்தோட மயங்கி விழுந்துட்டார், அண்டையில இருந்துதான் இப்பிடி. வெறும் வயித்தில குளிசை போட ஒண்ணாதானே? குடல் வெந்து போயிருமே."

மிஸ்ஸி பேனையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, மத்தக் குளிசைக்கு அது சரி. இதுக்கு வயிறு வெறுமையா இரிக்கணும். சோத்தோடயும் பாலோடயும் போனா மருந்து உடம்பில சேராது. நீ தினமும் குடுத்திருக்கிற. அவருக்குப் போய்ச் சேரல்ல."

பூரணியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. "அப்ப... நானா இவர இப்பிடி..." என்று அவள் தொடங்கினாள்.

தவராசாதான், கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாய் இழுத்துச் சொன்னான்: "பர...வால்ல புள்ள. வயிறாவது... நிறைஞ்சுதே."

மிஸ்ஸி சிரித்துவிட்டார். நாங்களும்.

நம்முடைய வீடுகளில் குளிசை என்றாலே, "சாப்பிட்டியா?" என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு அன்பு! அன்புக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். மருந்துக்கு அன்பு போதாது... மணிக்கூடும் வேண்டும்.

டொக்டர் குளிசையின் அளவைத் தன் கண்காணிப்பில் சரிப்படுத்தினார். அது அவர் வேலை. நேரம் பார்ப்பது எங்கள் வேலை. பிறகு அவர்கள் தன்னாமுனையில் குடியேறினார்கள். காலையில் தேவாலய மணி ஆறுக்கு அடித்ததும் குளிசை, ஒரு கோப்பை தண்ணீரோடு. வானொலியில் ஏழு மணிச் செய்தி வந்ததும் சாப்பாடு. இடையில் பூரணி சோற்றுப் பானைக்குக் காவல். "புருசனப் பட்டினி போடுறாள்" என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தாள்.

நாட்டில் மறுபடியும் சண்டை வந்தது. பாதைகள் மூடின. எப்போது ஓட வேண்டிவரும் என்று தெரியாது. பூரணி குளிசைகளை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பங்கு அவள் மடியில், இன்னொரு பங்கு டவுனில் என் வீட்டில், இறுக்கமாய் மூடிய போத்தலில். செல் விழுந்து வெடிக்கிற சத்தம் கேட்ட காலைகளிலும் ஆறுக்குக் குளிசை, ஏழுக்குச் சோறு. இரத்தச் சோதனைக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் நாள் தவறாமல், சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் போனாள். சண்டை முடிந்தபோது நாங்கள் இழந்தவை பல. தவராசாவின் ஒரு வேளைக் குளிசையைக்கூட இழக்கவில்லை.

இப்போது அவன் கண்ணிலுள்ள வளையம் மங்கிக்கொண்டு வருகிறதாம்.

சரி, தோணிக்கு வாருங்கள். தவராசா வலையின் ஒரு விளிம்பைப் பல்லில் கடித்தான். ஒரு காலத்தில் சொந்த எச்சிலை அடக்க முடியாத வாய் அது! இடுப்பைத் திருப்பினான். வீசினான். வலை காற்றில் பூவாய் விரிந்து, வட்டமாய், ஒரு பக்கமும் சுருங்காமல், வாவியின் மேல் இறங்கியது. ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நொடியில் தண்ணீரைத் தொட்டன. நான் எழுந்து நின்று கத்தினேன். நீச்சல் தெரியாது என்பதே மறந்துபோயிற்று.

"இரிங்க மச்சான்! கவிழ்த்துப்போடாதீங்க!"

வலைக்குள் ஏழெட்டு மணலைமீன். இரண்டு கொழுத்த நண்டு. "நண்டு உங்களுக்கு," என்றான். "பிடிக்கிறது நான், தின்னுறது ஊரு."

பிறகு வலையை மடித்தபடி, "எல்லாம் சுகம்தானே மச்சான், இனிக் குளிசைய விட்டா என்ன?" என்றான்.

நான் தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "சும்மா கேட்டன். சுகமா இரிக்கிறதே குளிசையாலதானே! விட்டனெண்டா உங்கட தங்கச்சி என்னத் தண்ணிக்குள்ள தள்ளிப்போடுவா."

பூரணி கட்டித் தந்த இடியப்பப் பொதியைப் பிரித்தேன். அவன் கரைப்பக்கம் காதைத் திருப்பினான். ஆறு மணி அடித்துக் குளிசை விழுங்கி எவ்வளவு நேரம் என்று கணித்தான்.

"இன்னும் இருவது நிமிசம் கிடக்கு. நீங்க தின்னுங்க."

பசியோடு, ஆடாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் தின்றேன்.

அந்தப் பழைய பத்தியை யாராவது வெட்டி வைத்திருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். கடல் எங்களுக்குச் செய்த பாவங்கள் நிறைய... அவன் கை நடுக்கம் அதில் இல்லை.