இருமல்காரியும் ஒரு நிமிஷ நிசப்தமும்

புருஷன் போனால் சிலருக்கு வீடு மிஞ்சும், சிலருக்கு நிலம் மிஞ்சும். இருமல்காரிக்கு மிஞ்சியது அவனுடைய இருமல். மூன்று வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டதில் அது அவள் தொண்டைக்குள்ளேயே குடியேறிவிட்டது. பொய் சொல்வானேன், உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் கொடுத்த எதைவிடவும் அதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

ஊர் ஊராகக் கொள்ளை நோய் பரவுவதாக டிவியில் தொடர் ஓடுகிறதே, அதில் திரையில் நூறு பேர் வாயைத் திறப்பார்கள். சத்தத்தை டப்பிங் அறையில் நின்று இவள் கொடுப்பாள். வறட்டு இருமல், சளி இருமல், மாஸ்க்குக்குள் இருமல், சாகப்போகிறவனின் இருமல். பஸ்ஸில் லேசாக ஒத்திகை பார்த்தால் போதும், இரண்டு சீட் காலியாகும். முழங்கால் வலிக்காரிக்கு அது ஒரு வசதி.

இன்னொரு குரல் வேண்டுமென்றபோது நாத்தனாரையும் அவள்தான் கூட்டி வந்தாள். செத்தவனின் கூடப்பிறந்த தங்கை. இப்போது அந்த நாத்தனாருக்குப் பெரிய வேஷம். தொடரில் வரும் நர்ஸ் பத்து எபிசோடு இழுத்து இழுத்துச் சாகிறாள், குரல் நாத்தனாருடையது. இருமல்காரிக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அன்று காலை நாத்தனார் மைக் முன்னால் இருமி முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரன் துள்ளினான்.

"பிரமாதம்க்கா! நேத்தைக்கு இன்னிக்கு எங்கேயோ போயிட்டீங்க!"

ஹெட்போனோடு நின்ற இருமல்காரியின் காதில் வேறொன்று விழுந்திருந்தது. இருமலின் வாலில், மூச்சை உள்ளே இழுக்கும்போது, ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். எத்தனை தலைகீழாக நின்றும் அவளுக்கு வராத சத்தம். அவள் புருஷனுக்கு வந்தது. "சும்மா புகைச்சல்" என்று சொல்லியே காசநோயை மறைத்தான். "முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலேயே சரியாயிருக்குமேம்மா" என்று டாக்டர் சொன்னபோது ஆள் பாதி போயிருந்தான்.

பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்ததும் நாத்தனாரை ஓரங்கட்டினாள்.

"எத்தனை நாளாடி இந்த இருமல்?"

"நடிப்பு அண்ணி. உங்களுக்கு மட்டும்தான் வருமா?"

"ஜாக்கெட் ஏன் தொளதொளன்னு தொங்குது?"

"டயட்டு. வயித்தெரிச்சல வீட்டுல வெச்சிட்டு வாங்க."

அதில் பாதி உண்மை, இருமல்காரி மைக்குக்குத் திரும்பினாள். ஆனால் மத்தியானம் வரை ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் துணி கிழிந்தது. சவுண்டுக்காரனோ டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, "சூப்பர், சூப்பர்" என்றான்.

வேலை முடிந்து கிளம்புமுன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் அசையாமல் நிற்க, வெறும் அறையின் நிசப்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்கள். பேச்சுக்கு அடியில் ஒட்டுப்போட அது வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து மூன்று வாரமாக நாத்தனார் பாத்ரூம் போய்க்கொண்டிருந்தது இருமல்காரிக்கு இப்போதுதான் உறைத்தது. போய்க் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணி, வழி விடுங்க. அவசரம்."

"ஒரு நிமிஷம் அடக்கு. நடிப்புன்னியே? நடிப்புன்னா நிறுத்தவும் தெரியணும். இருமாம நின்னு காட்டு, உன் கால்ல விழறேன்."

விளக்கு சிவந்தது.

பத்து நொடி. நாத்தனார் முறைத்தாள். இருபது. உதட்டைக் கடித்தாள். முப்பது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. இருமல்காரி அந்தத் தொண்டையையே பார்த்தாள். 'ஜெயிச்சிடுடி. நான் பொறாமைக்காரியாவே இருந்துட்டுப் போறேன்.' நாற்பது. நாத்தனார் முந்தானையை வாயில் திணித்தாள். ஐம்பதைத் தொடவில்லை. வெடித்தது. நிற்கவே இல்லை.

"அக்கா, இது சைலன்ஸ்! இப்ப யாரு இருமச் சொன்னா?" என்று கத்தினான் சவுண்டுக்காரன்.

"யாரும் சொல்லல தம்பி. அதான் விஷயம்."

அவன் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"திரையில பொணமா விழறதைப் பாத்துக்கிட்டே டிபன் தின்னவனாச்சே, எங்கடா ஓடறே? நீயும் வா, உனக்கும் பாத்துடலாம்."

நாத்தனார் தரையில் சரிந்திருந்தாள். "நோய்னு தெரிஞ்சா யாரு மைக் குடுப்பா? என் வேஷம் போச்சு. குளுந்துச்சா அண்ணி?"

"உங்கண்ணனும் ஒண்ணுமில்லைன்னு வேஷம் போட்டுத்தான் போய்ச் சேந்தான். எனக்கு ஒரு சாவு போதும். எந்திரி."

ஆஸ்பத்திரியில் மூன்று பேருமே வரிசையில் நின்றார்கள். நோய் நாத்தனாருக்கு மட்டும்தான். நேரத்தோடு பிடித்துவிட்டோம், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார்கள்.

நர்ஸின் மிச்சச் சாவை இருமல்காரியே இருமிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரிக்கா. அந்தக் கடைசி மூச்சிழுப்பு மட்டும் வரலையே?" என்றான் சவுண்டுக்காரன், இரண்டு மாஸ்க்குக்கு உள்ளிருந்து.

அந்த ஒரு நிமிஷத்தில் நாத்தனாரின் தொண்டையைப் பார்த்ததிலேயே அது எப்படி வருகிறதென்று அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

"எனக்கு அது வராதுப்பா" என்றாள்.

நர்ஸ் செத்த எபிசோடை ஜன்னலைத் திறந்துவைத்து இருவரும் பார்த்தார்கள். நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள்.

"நானா இருந்தா இன்னும் நல்லா செத்திருப்பேன் அண்ணி."

"கிழிச்சே. முதல்ல மாத்திரையப் போடு."