பொத்தேரிப் பள்ளத்துக் காட்டு நெல்

போன டிசம்பரில் நான் பொத்தேரிக்குப் போனதற்குக் காரணம், இதே பிளாகில் பெருமையோடு நான் போட்ட ஒரு படம். மாடம்பாக்கத்தில் எங்கள் காலனிக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டையைச் சுத்தம் செய்திருந்தோம். கரையில் ஆள் உயரத்துக்குக் குவித்த புல், அதன் முன்னால் மண்வெட்டியோடு நாங்கள். இரண்டு வாரம் கழித்து சுகந்தி என்ற ஆராய்ச்சி மாணவி மெயில் அனுப்பினார்: "மேடம், உங்க பின்னாடி குவிஞ்சிருக்கறது காட்டு நெல் மாதிரி தெரியுது. குட்டையில இன்னும் மிச்சம் இருக்கா?"

மிச்சம் இல்லை. அவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்திருந்தோம்.

நான் கணக்கு டீச்சர். காட்டு நெல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சுகந்தி போனில் பொறுமையாக விளக்கினார். விளைச்சலுக்காகவே நாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததில், நம் நெல் பல குணங்களை வழியில் தொலைத்துவிட்டதாம். தண்ணீர் தேங்கினாலும் காய்ந்தாலும் தாங்குவது, நோய்க்கும் பூச்சிக்கும் அசராமல் நிற்பது போன்றவை இன்னும் காட்டு நெல்லில் இருக்கின்றன. அதை நம் நெல்லோடு திரும்பத் திரும்ப இனக்கலப்புச் செய்தால் அந்தக் குணங்களை மீட்கலாம். செங்கல்பட்டு ரயிலில் போகும்போது பொத்தேரி அருகே ஒரு பள்ளத்தில் அது நிற்பதைப் பார்த்ததாகச் சொன்னார். குற்ற உணர்ச்சியோ என்னவோ, "நானும் வர்றேன்" என்றேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தாம்பரம் ஸ்டேஷன். ஸ்கூட்டரை நிறுத்த இருபது ரூபாய், ரயிலுக்குப் போக ஐந்து, வர ஐந்து. அரை மணிக்குள் பொத்தேரி. இறங்கித் தண்டவாளத்தை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் மாணவர் விடுதிகளுக்குப் பின்னால் அந்தப் பள்ளம். முழங்கால் தண்ணீரில் இடுப்பு உயரப் புல். கதிரில் ஒவ்வொரு மணிக்கும் விரல் நீளத்தில் சிவந்த வால். எனக்கு ஏதோ அழகான களை என்றுதான் தோன்றியது.

"இன்னாமா வோணும்?" விடுதியின் பின்கதவில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா நின்றிருந்தார். பெயர் பவுனம்மா. விடுதியும் பள்ளமும் அவருடையவை. "எந்த ஆபீசு? ஏரின்னு எழுதிட்டுப் பூடுவீங்களா? பட்டா கீது. நாளைக்கு லாரி வருது, மண்ணு கொட்டப் போறேன்."

சுகந்தியின் முகம் மாறிவிட்டது. "ஆபீஸ் இல்லைக்கா. நெல்லு மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன். வேற எதுவும் எழுத மாட்டேன்."

"நெல்லா? இந்தச் சனியனா?" பவுனம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பயிரோட பயிரா நிக்கும்மா. பூக்கிற வரைக்கும் தெரியாது. அறுக்கப் போனா தாளுதான் நிக்கும், மணியெல்லாம் சேத்துல கீது. சரி, எட்த்துனு போ. எட்டு மணிக்குள்ள."

சுகந்தி தண்ணீரில் இறங்கிக் கதிரைப் பிடித்தார். தொட்டதும் மணிகள் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரில் விழுந்தன. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது கதிரில் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"அய்ய, அப்டியா புடிப்ப?" பவுனம்மா புடவையைச் செருகிக்கொண்டு, துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப்போடு இறங்கிவிட்டார். தாளை அடியில் பிடித்து, கதிரை மெதுவாக டப்புக்குள் சாய்த்து ஒரு தட்டு தட்டினார். ஒரு மணி வீணாகவில்லை.

ஒவ்வொரு தூருக்கும் தனிக் கவர். வால் நீண்டது, குட்டையானது, அடித்தண்டு ஊதா, அடித்தண்டு பச்சை என்று சுகந்தி குறித்துக்கொண்டே வந்தார். "ஒரே செடியில ஒரு படி எடுக்கறதைவிட முப்பது செடியில பத்துப் பத்து மணி எடுக்கறது மேல்" என்றார். எது எதைத் தாங்கும் என்று இப்போதே தெரியாதே. சில காட்டு நெல், பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைக்கூடத் தாங்கும் என்றும் சொன்னார்.

பவுனம்மா நிமிர்ந்தார். "புகையானா? நான் பயிர் வெச்சினு இருந்தப்போ ஒரு வருசம் வந்துச்சும்மா. வயல்ல வட்டம் வட்டமா எரிஞ்ச மாரி காய்ஞ்சு பூச்சு. ஒரு மூட்ட தேறல. இந்தப் பள்ளத்துல இது மட்டும் பச்சையா நின்னுகினு இருந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது."

சுகந்தி கவரை மூடாமல் அப்படியே நின்றார். "இதே பள்ளமாக்கா?"

"இதேதான்."

"பூச்சி விட்டுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்று அவர் என்னிடம் சொன்னார். ஆனாலும் மணி மட்டும் போதாது, வேரோடு தூரும் வேண்டும் என்றார். பவுனம்மாவே கடப்பாரை கொண்டுவந்தார். எட்டு மணிக் கெடு யாருக்கும் நினைவில்லை. பத்தரைக்கு இரண்டு பக்கெட்டில் பதினொரு தூரோடு ரயில் ஏறினோம்.

மறுநாள் லாரி வந்தது. பள்ளம் இப்போது இல்லை, தூண்கள் எழும்பிவிட்டன. எனக்கு வருத்தம்தான். ஆனால் எங்கள் குட்டையை யோசித்தால், பவுனம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராவது ஒரு காலைப் பொழுதை எங்களுக்குக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: முழுக்கைச் சட்டை போடுங்கள், இலை ஓரம் கையைக் கிழிக்கும். பாம்பு இருக்கும், குச்சியால் தட்டிவிட்டு இறங்குங்கள். நிலத்துக்காரரிடம் முதலில் பேசுங்கள். மணியை வீட்டுக்குக் கொண்டுவந்து விதைக்காதீர்கள். பக்கத்து வயலுக்குப் போனால் அங்கே அது களை. பார்த்த இடத்தைப் படமெடுத்து, நெல் ஆராய்கிறவர்களிடம் சேர்த்தால் போதும். குட்டை சுத்தம் செய்கிறவர்கள், பிடுங்குவதற்கு முன் ஒருவரிடமாவது கேளுங்கள்.

போன மாதம் விதைப் பதிவுப் படிவத்தில் பவுனம்மாவிடம் கையெழுத்து வாங்க மறுபடி போனோம். பதினொன்றில் ஒன்பது தூர் தழைத்துவிட்டது, பூச்சிச் சோதனை இனிமேல்தான் என்று சுகந்தி சொன்னார். படிவத்தில் 'கொடுத்தவர் தொழில்' என்ற இடம் வந்ததும், "விவசாயின்னு போடட்டுமாக்கா?" என்று ஆசையாகக் கேட்டார்.

பவுனம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "ஹாஸ்டல்னு போடும்மா. நான் பயிர் வெச்சு எத்தினி வருசம் ஆச்சு. இதுல பொய் எழுதினா, நாளைக்கு நெல்லயும் பொய்யின்னுவாங்க."